எழுப்பிட்டுப் போங்க

பக்கத்துக் காம்பரா அக்கா டிவி போட்டால் வீடுகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் வேறு யாரும் டிவி போடத் தேவையில்லை. ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்தே கிடக்கும். அந்த வழியாக அக்காவின் குரல் எங்கள் அடுப்படியில் வந்து விழும். "அடியே, அந்தப் பாலக் குடிக்காதடி! அவ என்னமோ கலந்துட்டா!" என்று கேட்டால் சீரியலில் மருமகளுக்கு ஆபத்து. "நல்லா வேணும், நல்லா வேணும்" என்று கேட்டால் மாமியார் படியில் வழுக்கி விழுந்துவிட்டாள். ரொட்டி தட்டிக்கொண்டே மொத்தக் கதையையும் நாங்கள் தெரிந்துகொள்வோம். சும்மா சொல்லக்கூடாது, படத்தோடு பார்த்தவர்களைவிட எங்களுக்கு நன்றாகவே விளங்கும்.

அக்காவுக்கு அப்போது நாற்பது இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற வேலை. புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போடுகிறவர், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். அக்கா ஆள் குள்ளம், சிரிப்பு பெரிசு. பகல் முழுக்க மலையில் நின்றுவிட்டு வந்தாலும் அந்தத் தொண்டை மட்டும் களைக்கவே களைக்காது.

அக்காவுக்கு ஒரு வியாதி. வியாதி என்று நான்தான் சொல்வேன், மற்றவர்கள் குணம் என்பார்கள். ஒரு கதையையோ படத்தையோ பொம்மையையோ 'அது அங்கே, நாம இங்கே' என்று விட்டுவிட்டு வர அதற்குத் தெரியாது. நடுவில் புகுந்துவிடும். சீரியலில் கெட்ட மாமியார் வாயைத் திறந்ததும் டிவியை அணைத்துவிடும்.

"ஏன்க்கா அணைச்சிட்டீங்க?"

"அவ பேச்ச யாரு கேக்குறது? கொஞ்ச நேரம் இருட்டுல கெடக்கட்டும். அப்பதான் புத்தி வரும்."

அந்த மாதிரி நாட்களில் மட்டும் அம்மா மிச்சத்தை எங்கள் டிவியில் பார்ப்பாள். மறுநாள் காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் என் அம்மாவைப் பிடித்து, "நேத்து அவ அதுக்கப்புறம் என்னா செஞ்சா?" என்று கேட்கும். கங்காணி பெயர் கூப்பிடுவதுகூடக் காதில் விழாது.

ஹட்டன் டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் துணிக்கடை இருந்தது. வாசலில் ஒரு பொம்பளைப் பொம்மைக்குக் கையில்லாத சட்டை போட்டு நிறுத்தியிருப்பார். ஹட்டன் குளிரை நான் சொல்ல வேண்டுமா? மழைக்காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் அக்கா நேராகக் கடைக்குள் போனது.

"நானா, வாசல்ல நிக்கிற புள்ளைக்கு எதையாச்சும் போத்தி விடுங்க. பாத்தா எனக்கே நடுங்குது."

நானா எட்டிப் பார்த்தார். "அது பொம்மை, தங்கச்சி."

"பொம்மதான். அதுக்காக?"

நானாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு மெரூன் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிவிட்டார். அடுத்த தடவை நாங்கள் போனபோது பொம்மை பச்சை ஸ்வெட்டரில் நின்றது. மெரூன் விற்றுப்போய்விட்டதாம். அன்றிலிருந்து அக்காவைக் கண்டால் நானா கடைக்குள்ளிருந்தே குரல் கொடுப்பார். "வாங்க, வாங்க, புள்ளைக்கு இன்னைக்கு என்ன உடுத்தலாம்?" அக்காவும் தலையைச் சாய்த்து யோசித்துச் சொல்லும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். டயகம பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி வெளியே போய் நின்றுகொள்வேன்.

வெட்கப்பட எனக்குக் காரணம் இருந்தது. நான் படித்த ஆள். உயர்தரப் பரீட்சைக்கு நாடகமும் அரங்கியலும் எடுத்திருந்தேன். 'கலை என்றால் என்ன?' என்ற கேள்விக்கு ஒரு பக்க விடை மனப்பாடம். அதை அடுப்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பேன்.

"கலை என்பது மனித உணர்வுகளின் அழகியல் வெளிப்பாடு."

சுவருக்கு மேலிருந்து குரல் வரும். "அப்புறம்?"

"அது வாழ்க்கையைப் பிரதிபலிக்கும் கண்ணாடி."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லக்கா! அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு!"

"அட போ புள்ள. ஏதோ கத வருதுன்னு நான் வெங்காயத்தக்கூட வதக்காம காத நீட்டிக்கிட்டு இருக்கேன்."

இந்த 'அப்புறம்?' இருக்கிறதே, அது அக்காவின் சொத்து. லயத்துப் பிள்ளைகள் ராஜா கதை சொல்லி, ராஜாவும் ராணியும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று முடித்தால், "அப்புறம்? புள்ள குட்டி ஏதாச்சும்?" என்று கேட்கும். பிள்ளைகள் முழிக்கும். பிறகு அதுகளே உட்கார்ந்து ராணிக்கு இரட்டைப் பிள்ளை பெற்றுக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்து போகும்.

எல்லாவற்றையும்விட அக்காவை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் மாசி மாசம் பார்க்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். காமனை எரிப்பார்கள். எரித்தால் மூன்றாம் நாள் எழுப்பியாக வேண்டும். எழுப்பாமல் விட்டால் லயத்துக்கு ஆகாது என்பது எங்கள் வழக்கம். ஒரு வருஷம் மூன்றாம் நாள் சாயந்தரம் பேய் மழை. "நாளைக்குப் பாத்துக்குவோம், சாமி கோவிச்சுக்காது" என்று கோயில் தலைவர் சொல்லிவிட்டார். அவரவர் கதவைச் சாத்திக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில் காமன் கம்பத்துப் பக்கமிருந்து ஒரு சத்தம். வேறு யார்? கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு அக்கா தனியாக மழையில் நின்றது.

"எரிக்கிறப்ப மட்டும் குடும்பத்தோட வந்து பாத்தீங்கள்ல? எழுப்புறதுக்கு மழையா ஒங்களுக்கு? வாங்கய்யா வெளிய!"

வந்தோம். தலைவர் குடையோடு வந்தார். தப்பு அடிக்கிறவர்கள் தப்பைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார்கள். நனைந்த தப்பு 'பொத் பொத்' என்றுதான் கேட்டது. ஆனாலும் காமன் எழுந்தார். அக்கா குலவை போட்டது. எல்லாருக்கும் சளி பிடித்தது, அக்காவுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

இப்போது அக்கா புருஷனோடு கொழும்புப் பக்கம் போய்விட்டது. ஃபோன் எடுத்தால் பக்கத்து வீட்டு டிவி கேட்பதில்லை என்று குறைப்படும். கேட்காமல் என்ன, இதன் சத்தத்தில் அவர்களுக்குத்தான் எதுவும் கேட்காது!

நான் சொல்ல வந்தது ஹட்டன் நாடகப் போட்டி.

உயர்தரம் எழுதினேன். ரிசல்ட் வந்தது. கம்பஸுக்குப் போக மார்க் காணாது. இன்னொரு தரம் எழுதலாம், அதுவரை தோட்டத்து இளைஞர்களை வைத்து நாடகம் போடலாம் என்பது என் திட்டம். அப்பாவின் திட்டம் வேறு. அப்பா தோட்டத்து லொறி டிரைவர். கொழும்புப் பக்கம் வத்தளையில் பெரியம்மா மகனின் கடையில் எனக்கு ஒரு வேலை பேசி வைத்திருந்தார். நான் அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன், அம்மாவைத் தூது விட்டேன். கடைசியில் அப்பா ஒரு வழிக்கு வந்தார்.

"ஹட்டன் போட்டியில ஒங்க நாடகத்தத் தெரிவு செஞ்சா இன்னொரு வருஷம் ஒன் இஷ்டப்படி இரு. இல்லன்னா சித்திர முடிஞ்சதும் வத்தள. அதுக்கப்புறம் நாடகம்னு பேச்செடுக்கக் கூடாது."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? எனக்கு வத்தளை வேண்டாம். நாடகம்தான் வேண்டும். தூக்கத்தில்கூட அதுதான் வேண்டும்.

நாடகத்துக்கு 'முடியாத மூடுபனி' என்று பேர் வைத்தேன். அக்கா கேட்டுவிட்டு, "மூடுபனி எப்படி முடியாம இருக்கும்? வெயில் வந்தா வெலகிருமே" என்றது. நான் பேரை மாற்றவில்லை. கதை என் சித்தப்பாவுடையது. கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு, மலையில் குளவி கலைந்து கொழுந்து எடுத்த பெண்களைக் கொட்ட, அவர்கள் மேல் படங்கைப் போர்த்திக் காப்பாற்றப் போனவர், தான் செத்துப்போனார். நான் கைக்குழந்தை. அப்பா அந்தத் தம்பியைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் பேசினதில்லை. அம்மாதான் ஒரு தடவை மெதுவாகச் சொன்னாள். நாடகத்தில் இதைத்தான் போடுகிறேன் என்று அப்பாவிடம் நான் மூச்சு விடவில்லை.

கடைசிக் காட்சியை எப்படி வைத்தேன் தெரியுமா? மாப்பிள்ளையை வெள்ளைத் துணியால் மூடிவிடுவார்கள். கல்யாணப் பெண் திரும்பிப் பார்க்காமல் நடந்து போவாள். பிறகு மேடையில் ஒரு சத்தமும் கிடையாது. அந்த மௌனம்தான் கலை. என்னுடைய ஒரு பக்க விடையே அந்த மௌனத்துக்குள் இருக்கிறது என்று நம்பினேன்.

அக்காவை ஒத்திகைப் பக்கமே அண்டவிடவில்லை. போன வருஷத்து நாடகத்தில் குடிகாரப் புருஷனாக நடித்தவனை மேடைக்கு ஏறி வந்து காதைப் பிடித்துத் திருகின ஆள் அது. பட்டது போதும். ஆனால் போட்டிக்கு லயமே பஸ் பிடித்து வருகிறது, அக்காவை மட்டும் எப்படி வேண்டாம் என்பது? அம்மாவிடம் ஒரு பை நிறையப் பருப்பு வடையைக் கொடுத்தேன்.

"அக்கா பக்கத்துலயே ஒக்காருங்க. வாயத் தொறந்தா ஒரு வடையக் குடுத்துருங்க."

"எம்புட்டு நேரம்டி நாடகம்?"

"வடை போதும்மா, போங்க."

மண்டபம் நிறைய ஆட்கள். டயகமவிலிருந்து, கொட்டகலையிலிருந்து, எங்கெங்கோ தோட்டங்களிலிருந்து வந்திருந்தார்கள். முன்வரிசையில் மூன்று நடுவர்கள், பக்கத்தில் நேரம் முடிந்தால் அடிக்க ஒரு மணி. அப்பா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் வந்து, கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

நாடகம் அருமையாகப் போனது. சைட்டில் நின்று நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையாக நடித்தவன் சசி, எங்கள் தோட்டத்தில் தப்பு அடிக்கிறவரின் மகன். குளவி வருகிற காட்சியில் பெண்கள் ஓடினபோது மண்டபத்திலிருந்த பெண்கள் தாங்களும் குனிந்து முந்தானையால் தலையை மூடினார்கள். குளவி அவர்களுக்குக் கதை இல்லையே. எட்டிப் பார்த்தேன். அக்கா ஒரு வடையை மென்றுகொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. அம்மாவின் கை பைக்குள் போனது. பையைக் கவிழ்த்தாள். என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தாள்.

வடை முடிந்துவிட்டது.

மேடையில் சசியை மூடினார்கள். பெண் நடந்தாள். மௌனம் வந்தது. அடடா, என்ன மௌனம்! நான் கேட்ட மாதிரியே வந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

"அப்புறம்?"

கும்பிட்ட கையாலேயே என் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அப்புறம் என்னா? அம்புட்டுத்தானா? அந்தப் பயல அப்படியே போட்டுட்டுப் போறாளே! ஏ புள்ள, நில்லுடி!"

அக்கா எழுந்து நின்றுவிட்டது. வெளியே போக எழுந்த இரண்டு பேரைப் பார்த்து, "எங்க போறீங்க? ஒக்காருங்க. இவன எழுப்பிட்டுப் போங்க. எழுப்பாம யாரும் வாசலத் தாண்டக் கூடாது!" என்று கத்தியது. அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்! வேறு ஊரில் என்றால் அக்காவைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார்கள். இங்கே இருந்த அத்தனை பேருக்கும் காமன் கூத்து தெரியும். செத்தவனை எழுப்பாமல் வீட்டுக்குப் போகிற பழக்கம் ஒருத்தருக்கும் இல்லை. "ஆமா, எழுப்பணும்" என்று பின்னாலிருந்து ஒரு அம்மா குரல் கொடுத்தாள். "எழுப்புங்கப்பா" என்று இன்னொரு குரல். அடுத்த நிகழ்ச்சிக்காக ஓரமாக நின்றிருந்த கொட்டகலைக் குழுவிடம் தப்பு இருந்தது. அதிலே ஒருத்தன் கை சும்மா இருக்காமல் எழுப்புகிற அடியைத் தொடங்கிவிட்டான்.

துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சசியின் கால்விரல் தாளம் போட ஆரம்பித்தது. அவன் பரம்பரை அப்படி, பாவம் அவன் என்ன செய்வான்? துணியை லேசாக விலக்கி என்னைப் பார்த்து, "அக்கா, எந்திரிக்கவா?" என்று வாயசைத்தான். கூடாது, கூடாது என்று நான் தலையை ஆட்டினேன். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். நேரம் போனால் எல்லாம் போச்சு. வத்தளைக் கடையின் ஷட்டர் என் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் கதவுப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"எந்திரிடா தம்பி!"

அப்பா. பேருக்குக்கூட நாடகம் பார்க்காத என் அப்பா, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். "எந்திரிடா! எந்திரிச்சு வாடா தம்பி!"

சசி என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். இந்த முறை மேலும் கீழும்.

அவன் எழுந்தான் பாருங்கள்! வெள்ளைத் துணியை உதறித் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு ஆடினான். மணி அடித்தது, யாருக்குக் கேட்டது? நடந்து போன கல்யாணப் பெண், நான் எழுதவே இல்லை, தானாக ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மண்டபமே குலவை போட்டது. அக்கா மேடைக்கு ஏறிப் போய்விட்டது. அவன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எங்கடா கொட்டுச்சு? வீங்கல, நல்ல வேள" என்றது. நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

எல்லாம் அடங்கின பிறகு நடுவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தங்கச்சி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஒங்க நாடகம் எங்க முடிஞ்சது? பொண்ணு நடந்து போனதோட முடிஞ்சதுன்னா நேரத்துக்குள்ள இருக்கு. பிறகு நடந்தத பார்வையாளர் கொழப்பம்னு விட்டுருவோம். ஒங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. பையன் எந்திரிச்சதும் நாடகம்தான்னா நேரம் தாண்டிருச்சு. போட்டியிலருந்து எடுக்க வேண்டி வரும்."

எவ்வளவு நல்ல மனுஷர், பாருங்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். மௌனத்தோடு முடிந்தது சேர் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் எழுதினதும் அதுதானே? திரும்பிப் பார்த்தேன். அப்பா கதவுப் பக்கத்திலேயே நின்று, முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அதை நாடகத்தில் சேராத குழப்பம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எந்திரிச்சதோடதான் முடிஞ்சது, சேர்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஆமா சேர்."

அவர் தலையை ஆட்டினார். "நானும் கை தட்டிட்டேன்" என்றார். "அதுக்கு மார்க் போடத்தான் எடம் இல்ல."

எங்களை எடுத்துவிட்டார்கள். கொட்டகலைக் குழு தெரிவானது. எங்களுக்குத் தப்பு அடித்துக் கொடுத்த புண்ணியம் அவர்களுக்கு!

திரும்பி வருகிற பஸ்ஸில் ஒரே பாட்டும் கும்மாளமும். தோற்றுவிட்டு வருகிறவர்கள் மாதிரியா இருந்தார்கள்? நான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அப்பா. பின் சீட்டில் அக்கா, செத்தவனை எழுப்பின களைப்பில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. வத்தளைக்கு எந்தச் சேலையைக் கொண்டுபோவது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

கொட்டகலை தாண்டின பிறகு அப்பா தொண்டையைச் செருமினார்.

"அடுத்த நாடகத்துல அவனுக்குக் கல்யாணத்தப் பண்ணி வச்சிரு."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று சந்தேகம். "அடுத்த நாடகமாப்பா?"

"ஆமா. வத்தளைக்கு நான் ஃபோன் பண்ணிச் சொல்லிக்கிறேன்."

கல்யாணம் என்ற சொல் மட்டும் அக்காவின் தூக்கத்துக்குள் போயிருக்க வேண்டும். திடுக்கென்று எழுந்து முன்னால் சாய்ந்தது.

"கல்யாணமா? யாருக்குண்ணே?"

அப்பா திரும்பினார். எனக்கு விவரம் தெரிந்ததிலிருந்து வீட்டில் அந்த வாயிலிருந்து வராத பேச்சு, பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வந்தது.

"என் தம்பிக்கு."

"நல்ல காரியம்" என்றது அக்கா. "இந்தத் தடவ வடைய மட்டும் கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்க." சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கிப்போனது.